முப்பத்தேழாம் நம்பர் டோக்கன்

டிர்ர்ர்ர்... டிர்ர்ர்ர்...

காலை ஏழு மணி. தங்கச் சுரங்கம் மூடிப்போன ஊர். சாம்பியன் ரீப்ஸில் ஒரு லைன் வீடு. செல்போன் விடாமல் அடித்தது.

ராதிகா இட்லிக் குண்டானை இறக்கி வைத்துவிட்டு எடுத்தாள்.

வயது முப்பத்திரண்டு. நகரசபை கவுன்சிலர். புருஷன் பரத் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. 'செத்து' என்பது மரியாதைக்குச் சொல்வது. சயனைடு மேட்டில், தங்கம் பிரித்துக் கொட்டிய கழிவு மண்ணின் மேல், வயிற்றில் நாலு குத்தோடு குப்புறக் கிடந்தான்.

எதிர்முனையில் முதலில் இருமல் வந்தது. பிறகுதான் குரல் வந்தது.

"ராதிகாம்மா... நான்தான்."

"சொல்லுங்க தலைவரே."

தலைவர் என்றால் தங்கவேலு. அறுபத்தெட்டு வயசு. முப்பது வருஷம் பூமிக்கு அடியில் பாறையைத் துளை போட்டவர். சுரங்கத்தை மூடியதும் மேலே வந்து கட்சி ஆரம்பித்தார். ஒரே ஒரு ஜாதிக்கான கட்சி. எந்த ஜாதி என்று கேட்காதீர்கள்... சொன்னால் இந்தப் புத்தகத்தைக் கடையில் தொங்க விட மாட்டார்கள். கட்சிக்கு முழ நீளத்தில் ஒரு பெயர் உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. கொடியில் பித்தளை டோக்கன் இருப்பதால் 'டோக்கன் கட்சி'.

பன்னிரண்டு வருஷத்தில் ஐந்து கூட்டணி.

'சமூகத்தின் நலனுக்காக' சேர்வார். 'சமூகத்தின் மானத்துக்காக' விலகுவார். நலனுக்கும் மானத்துக்கும் நடுவில் அவர் வீட்டுக்கு ஒரு மாடி ஏறும்.

"இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு நகரசபைத் தலைவர் எலெக்‌ஷன். நம்ம அஞ்சு பேர் கையும் ஒண்ணா மேல போவணும்."

"யாருக்குத் தலைவரே?"

இருமல். நீளமான இருமல்.

"நந்தகுமாருக்கு."

ராதிகா அடுப்பை அணைத்தாள்.

நந்தகுமார் ஆண்டர்சன்பேட்டையில் பெரிய ஜவுளிக்கடை. வேறு ஜாதி, வேறு கட்சி. பரத்தின் பிணத்துக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, 'என் பிள்ளையைக் கொன்றது நந்தகுமார்தான்' என்று இதே தங்கவேலு மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். கேஸில் நந்தகுமார் பெயர் இன்னும் இருக்கிறது. அந்த அழுகையில்தான் கட்சியின் இரண்டு சீட் ஐந்து சீட் ஆனது. அதில் ஒன்று ராதிகாவுடையது.

"அவன்தான் என் புருஷனைக் கொன்னான்னு சொன்னீங்களே..."

"அப்ப சொன்னேன். இப்ப கூட்டணி."

"தலைவரே..."

"கேளும்மா. பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்துடு. நந்தகுமாரே வந்து பரத் படத்துக்கு மாலை போடறாரு. நீ பக்கத்துல நிக்கணும். பேப்பர்காரன் வரான். அழுவாத. அழுதா மூஞ்சி வீங்கிப் போட்டோ நல்லா வராது."

"நான் கை தூக்கலேன்னா இன்னா பண்ணுவீங்க?"

"நான் இன்னாம்மா பண்ணப் போறேன்? உன் மாமியா தாயம்மா தினம் சாயங்காலம் தனியா கோயிலுக்குப் போறாங்க இல்ல... சயனைடு மேட்டு ஓரமாத்தானே வழி? வயசானவங்க. பாத்துக்கோ."

போன் கட் ஆனது.

உள்ளே தாயம்மா கேட்டாள்: "யாரும்மா போன்ல?"

"தலைவரு அத்தை. உங்களை ரொம்ப விசாரிச்சாரு."

*

ஆண்டர்சன்பேட்டை. கட்சி ஆபீஸ்.

வாசலைத் தாண்டியதும் சுவரில் ஒரு மரப் பலகை. வரிசையாக ஆணிகள். ஆணிகளில் நம்பர் அடித்த பித்தளை டோக்கன்கள்.

இது சுரங்கத்துப் பழக்கம். கீழே இறங்குகிறவன் டோக்கனை மாட்டிவிட்டு இறங்குவான். ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் எடுத்துக்கொள்வான். பலகையில் ஒரு டோக்கன் மிச்சம் இருந்தால், பூமிக்குள் ஒரு ஆள் மிச்சம். சுரங்கம் மூடியும் தங்கவேலு அதை விடவில்லை. ஆபீசுக்குள் வந்தால் மாட்டு... போகும்போது எடு. கவுன்சிலருக்கும் அதே சட்டம்தான், கார் டிரைவருக்கும் அதே சட்டம்தான்.

ராதிகா பதினோராம் நம்பரை மாட்டினாள்.

ஐந்தாம் நம்பர் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. அது பிரதாப்புடையது.

முப்பத்தேழாவது ஆணி காலி. அது பரத்தின் ஆணி. பிணத்தின் சட்டைப் பையில் டோக்கன் இல்லை. 'டோக்கனைக்கூடத் திருடிட்டானுங்க பாவிங்க' என்று தலைவர் அதற்கும் ஒரு தடவை தனியாக அழுதார். 'அன்னிக்குப் பரத் ஆபீஸ் பக்கமே வரலை' என்று போலீசிடம் கையெழுத்தும் போட்டார்.

"வாங்கண்ணி" என்றான் பிரதாப்.

முப்பது வயசு. தலைவரின் டிரைவர். தலைவரின் நிழல். தேவைப்படும் இடத்தில் தலைவரின் கை.

"சாப்பிட்டீங்களா அண்ணி?"

"ஆச்சுப்பா."

தங்கவேலு செல்போனைக் காதில் வைத்தபடி வராந்தாவுக்கு நடந்தார்.

"ராதிகாம்மா... அம்மன் படத்துக்கு ஒரு விளக்கு ஏத்திடு. நல்ல நாளும் அதுவுமா ஒரு பொம்பளை கையால ஏத்தினா நல்லாருக்கும்."

விளக்கில் எண்ணெய் இருந்தது. திரி இருந்தது. தீப்பெட்டியைக் காணோம். படத்துக்குப் பின்னால் விழுந்திருக்குமோ என்று ராதிகா கையை விட்டுத் துழாவினாள்.

விரலில் தட்டுப்பட்டது தீப்பெட்டி இல்லை.

மஞ்சள் துணியில் ஒரு சின்ன முடிச்சு.

அவிழ்த்தாள்.

பித்தளை. நம்பர் முப்பத்தேழு. ஓட்டையில் சிவப்புக் கயிறு. கயிற்றில் மூன்று முடிச்சு. எதை எடுத்தாலும் தொலைத்துவிடுகிறான் என்று அவளே கட்டிவிட்ட கயிறு...

பரத்தின் டோக்கன் ஆபீசில் இருக்கிறது. என்றால் பரத் அன்றைக்கு ஆபீசுக்கு வந்திருக்கிறான். மாட்டியிருக்கிறான். எடுத்துக்கொண்டு போகவில்லை. போக விடவில்லை.

அந்த வாரம் பரத் சொன்னது காதுக்குள் கேட்டது. 'கட்சியை விட்டுத் தனியா போயிடலாம்னு பாக்கறேன் ராதிகா. இன்னும் மூணு பேர் வரேங்கறாங்க. யார்கிட்டயும் மூச்சு விடாத.' அவள் விடவில்லை. அந்த மூன்று பேரில் எவனோ விட்டிருக்கிறான்.

எறிந்திருக்கலாமே... இந்த ஊரில் ஆழமான குழிக்கா பஞ்சம்?

தங்கவேலுவால் எறிய முடியாது. அவரோடு சுரங்கத்தில் இறங்கிய செட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. மேலே வராதவன் டோக்கனை மூன்று வருஷத்துக்குத் தூக்கிப் போடக் கூடாது. மஞ்சள் துணியில் முடிந்து அம்மன் காலடியில் வைக்க வேண்டும். தூக்கிப் போட்டால், செத்தவன் டோக்கனைக் கேட்டுக்கொண்டு வருவான்.

ஆளைக் கொல்லப் பயப்படாத மனுஷன் காலணா பித்தளைக்குப் பயந்திருக்கிறான்.

ராதிகா அழவில்லை. அழுதால் போட்டோ நல்லா வராது.

முடிச்சை இருந்தபடியே போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள். தீப்பெட்டி விளக்குக்குக் கீழேதான் இருந்தது. விளக்கை ஏற்றினாள்.

யோசித்தாள். தலைவருக்கு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். பரத்தோ ஆறடி. அந்த ஆபீசில் நடுங்காத கை ஒன்றுதான் இருந்தது. பிரதாப்பின் கை. அது இப்போது எல்லாருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தது.

*

பத்தேகாலுக்கு நந்தகுமார் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் வியர்வை, கையில் ரோஜா மாலை.

பரத் படத்துக்குப் போட்டார். கும்பிட்டார். கேமரா மின்னியது.

பிறகு பக்கத்தில் நின்ற ராதிகாவின் காதருகே குனிந்து, வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

கேமரா மறுபடி மின்னியது.

ராதிகா அவரையே பார்த்தாள். மெல்லத் தலையாட்டினாள்.

எதிர்ச் சுவரோரம் நின்ற பிரதாப் இதைப் பார்த்தான். பார்க்கிறான் என்பதை ராதிகாவும் பார்த்தாள்.

கூட்டம் நந்தகுமாரோடு வெளியே நகர்ந்தது. அவரைக் காரில் ஏற்றிவிடத் தலைவரும் போனார். கூடத்தைக் காலி டம்ளர்களிடம் விட்டுவிட்டுப் பிரதாப் பின்கட்டுக்குப் போனான்.

ராதிகா பலகைக்கு வந்தாள். ஒரு டோக்கனைக் கழற்றினாள்.

அவளுடையது இல்லை.

அம்மன் படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். எடுத்தாள். எல்லாம் அரை நிமிஷம்தான் ஆனது.

பிரதாப் திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"பிரதாப்பு... நந்தகுமார் என் காதுல இன்னா சொன்னாரு தெரியுமா?"

"இன்னா அண்ணி?"

"கேஸ்ல அவரு பேரை எடுக்கணுமாம். அதுதான் கூட்டணிக்கே பேச்சாம். ஒரு பேரை எடுத்தா இன்னொரு பேரு வைக்கணும் இல்ல? தலைவரு ஆளைக் குடுத்துட்டாராம்."

"யாரை?"

"ஓட்டு முடிஞ்சதும் போலீசு வருதாம். ஓட விட்டுச் சுடப் போறாங்களாம். உயிரோட கீறவன் வாயைத் தொறந்துடுவானே..."

"யாருன்னு கேக்கறேன் அண்ணி."

"போர்டுல உன் டோக்கன் கீதா பாரு."

பிரதாப் திரும்பினான். ஐந்தாம் நம்பர் ஆணி காலி.

"காலையில மாட்டினேனே..."

"அம்மன் படத்துக்குப் பின்னாடி பாரு."

போனான். துழாவினான். மஞ்சள் துணியைப் பிரித்தான்.

உள்ளே இரண்டு டோக்கன். முப்பத்தேழு... ஐந்து.

பிரதாப்பின் தாத்தா பூமிக்கு அடியில் புதைந்து போனவர். மஞ்சள் துணிக்கு அவனுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. 

"அண்ணி... அவரு சொன்னதைத்தான் செஞ்சேன். நாலு போடுன்னாரு. நாலுதான் போட்டேன்."

"தெரியும்."

"நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே சேர்ல தான் அண்ணன் உக்காந்திருந்தாரு. நான் குடுத்த காபியைத்தான் குடிச்சிகினு இருந்தாரு..."

ராதிகா எழுந்தாள். நாற்காலிக் கையை ஒரு தடவை தடவினாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

வராந்தாவில் இருமல் கேட்டது. செருப்புச் சத்தம் நெருங்கியது.

"தலைவரு வராரு. நான் கிளம்பறேன் பிரதாப்பு. கதவைச் சாத்திக்கோ."

சுவரில் தலைவரின் பழைய துளைக்கம்பி தொங்கியது. நாலடி இரும்பு. வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குக் குங்குமம் வைப்பார்கள். பிரதாப் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசலில் தங்கவேலு எதிர்ப்பட்டார்.

"கிளம்பிட்டியா? தங்கமான பொண்ணு. அழுவவே இல்லை பாரு."

"நீங்க சொன்னீங்களே தலைவரே."

பதினோராம் நம்பரை மறக்காமல் எடுத்துக்கொண்டு ராதிகா தெருவுக்கு வந்தாள். ஆட்டோவைக் கை காட்டினாள்.

பின்னால் கதவு சாத்தும் சத்தம். இருமல். ஒரு நாற்காலி உருண்டது. மறுபடியும் இருமல்...

பிறகு இருமல் நின்றுவிட்டது.

"எங்கம்மா போவணும்?" என்றான் ஆட்டோக்காரன்.

"நகரசபைக்குப்பா. மெதுவா போ. இனிமே அவசரம் இல்லை."

*

எலெக்‌ஷனை இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள்.

பிரதாப் பங்காருப்பேட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறும் முன்பே மாட்டினான். இரண்டு கொலையையும் ஒப்புக்கொண்டான். மீதி நாலு கவுன்சிலர்களும் தாயம்மா வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து, சமூகத்தின் நலனுக்காக ராதிகாவைக் கட்சித் தலைவி ஆக்கினார்கள்.

பதிமூன்றாம் நாள் காலை. கட்சி ஆபீஸ். தங்கவேலுவின் நாற்காலியில் ராதிகா. எதிரே நந்தகுமார்.

"நாளைக்கு எலெக்‌ஷன்மா. பழைய பேச்சு அப்படியே இருக்கு இல்ல?"

"இருக்குதுங்க. எங்க அஞ்சு கையும் மேல போவும்."

"சந்தோஷம்..."

"எனக்கு. உங்க பதினாலு கையும் எனக்குத்தான். நீங்க உபதலைவரா இருங்க."

நந்தகுமார் சிரித்தார். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்.

"என்னம்மா விளையாட்டு இது?"

"இன்ஸ்பெக்டர் மமதா நேத்து வந்தாங்க. 'பிரதாப் எல்லாம் ஒத்துக்கிட்டான், ஆனா ஒரு டவுட்டு'ன்னாங்க. நீங்க என் காதுல சொன்னதா நான் சொன்னதைக் கேட்டுத்தான் தலைவரைக் குத்தினானாம். நீங்க நெஜமா இன்னா சொன்னீங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"அதிர்ச்சியில மறந்துட்டேன், ரெண்டு நாள்ல ஞாபகம் வந்துடும்னேன்."

ராதிகா, கொலைக்கு மறுநாள் வந்த பேப்பரை மேஜையில் பிரித்து வைத்தாள். முதல் பக்கத்தில் போட்டோ. அவள் காதருகே வாயை மறைத்துக்கொண்டு நந்தகுமார். பிரமாதமாக வந்திருந்தது.

நந்தகுமார் பேப்பரைத் தள்ளி வைத்தார்.

"அய்யோ தாயே... அன்னிக்கு வெயில்லே நாக்கு ஒட்டிப்போச்சு. 'குடிக்க மோர் கிடைக்குமா'ன்னு தானேம்மா கேட்டேன்?"

"ஆமா."

"வேற ஒரு வார்த்தை பேசலையே."

"பேசலை. அது எனக்குத் தெரியும். மமதா மேடத்துக்குத் தெரியாது. ரெண்டு வருஷமா கொலைகாரன்னு பேர் வாங்கினவரு, சத்துருவோட காதுல மோரு கேட்டாருன்னா யாரு நம்புவாங்க?"

"நான் உன் புருஷனைக் கொல்லலைன்னு உனக்கே இப்ப தெரியுமேம்மா. இது பாவம் இல்லையா?"

"பாவம்தாங்க. அப்ப கொலைகாரன்னு சொன்னோம். இப்ப கூட்டணி."

நந்தகுமார் போட்டோவைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். கடைசியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, உபதலைவருக்குக் கார் உண்டா என்று கேட்டார்.

"உண்டு" என்ற ராதிகா உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"சம்பங்கி... அய்யாவுக்கு ஒரு சொம்பு மோர் கொண்டா. பாவம்... கேட்டுப் பதிமூணு நாள் ஆவுது."