ஏணியைப் பிடித்தவர்

“படத்துல இருக்கறது நான்தாங்க மேடம். ஆனா நான் அங்க போவலை.”

லட்சுமம்மா இதை மூன்றாவது முறை சொன்னபோது நோயலின் கால் மேஜைக்கடியில் தானாக ஆடத் தொடங்கியது. ஆளும் நான்தான், ஆனால் போகவும் இல்லை என்றால் எந்தப் போலீஸ்காரர் கேட்டுக்கொண்டிருப்பார்? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். சனிக்கிழமை, மணி பத்தேகால். நாலு மணிக்குள் காணாமல்போன பொருள் திரும்பி வராவிட்டால் அவள் வேலை செய்யும் ஆபீசிலிருந்து போலீசுக்குப் புகார் போய்விடும்.

கோமளம் மட்டும் அவசரப்படவில்லை. தடய அறிவியல் கூடத்தின் புகைப்படப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவர். இப்போது தொம்மலூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, வக்கீல்கள் கொண்டுவரும் வீடியோக்களைச் சோதித்துக் கொடுக்கிறார். நோயல் அவருடைய உதவியாளன். நாற்பதைத் தொடப்போகும் முன்னாள் கல்யாண வீடியோக்காரன். அவன் எந்தக் கேமராவை வாங்கினாலும் அடுத்த மாதமே அதைவிட நல்லது கடைக்கு வந்துவிடும். வீட்டுப் பரண் முழுக்க அவனுடைய பழைய ஆசைகள்தான்.

“நிதானமா சொல்லுங்கோ லட்சுமம்மா. என்ன காணாம போச்சு?”

“செல்போனுங்க மேடம். இன்னும் கடைக்கே வராத மாடலாம். நாலு போனு, ஒரு கறுப்புப் பையில. வைட்ஃபீல்ட் ஆபீஸ்ல டெஸ்டிங் ரூம்ல வெச்சிருந்தாங்க. வியாழக்கிழமை மத்தியானம் காணோம். கேமராவுல பார்த்தா ஒண்ணு பன்னெண்டுக்கு நான் வெறுங்கையோட உள்ள போறேன், கறுப்புப் பையோட வெளிய வரேன். அந்த நேரம் நான் மொட்டை மாடியில சாப்பிட்டுட்டு இருந்தேன். பார்த்தவங்க யாருமில்லை.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆறு வருஷமா அந்த ஆபீசைக் கூட்டிப் பெருக்கறேன். மேஜை மேல கழட்டி வெச்ச மோதிரத்தைக்கூட ஓடிப்போய்க் குடுத்திருக்கேன். திருடின்னு பேரு வாங்கிட்டு எந்தத் தெருவுல நடப்பேன்?”

அவளை இங்கே அழைத்து வந்ததே நோயல்தான். அவளும் அவனும் ஒரே தெரு.

“இந்த வாரம் வேற என்ன வேலை பண்ணினேள்?” என்றார் கோமளம்.

“வேற என்ன? திங்கக்கிழமை ஆபீஸ்ல ஆயுதபூஜை. காலையில ஆறு மணிக்கே போயி எல்லா மெஷினையும் துடைச்சு சந்தனம், குங்குமம் வெச்சேன். ஒண்ணு விடலை. செவ்வாய், புதன் லீவு. வியாழக்கிழமை போனா இப்படி.”

மூன்று பேரோடு ஆட்டோ பழைய விமான நிலையச் சாலையில் ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. மாரத்தஹள்ளியில் கம்பெனி பஸ்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் அசையவே இல்லை. நோயல் மடிக்கணினிப் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினான். “மேடம், புது சாஃப்ட்வேர் போட்டிருக்கேன். தேதியை மாத்தி ஒட்டியிருந்தா ஒரே நிமிஷத்துல புடிச்சிடும்.”

“அப்படி ஒட்டியிருந்தா சரி,” என்றார் கோமளம்.

அலுவலகத்தில் பூஜையின் மிச்சம் இன்னும் இருந்தது. லிஃப்ட் கதவு, ஜெராக்ஸ் மெஷின், காபி மெஷின், வரிசையாகக் கணினிகள் என்று எதைப் பார்த்தாலும் காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும். டெஸ்டிங் அறை வாசலில் கோமளம் நின்று, கூரையில் இருந்த கேமராவை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நோயல் வாட்சைக் காட்டியபிறகுதான் நகர்ந்தார்.

நிர்வாக மேலாளர் மஞ்சுநாத் நல்ல மனிதர்தான், ஆனால் முகத்தில் இரண்டு நாள் தூக்கமில்லாத கடுப்பு. “கூத்கொள்ளி மேடம்,” என்று கன்னடத்தில் தொடங்கித் தமிழுக்கு மாறினார். “உட்காருங்க. உங்களை மாதிரி ஒருத்தர் பார்த்துச் சொல்லிட்டா போலீசுக்கும் சுலபம். கேமரா பொய் சொல்லுமா?”

பக்கத்தில் நின்ற நரேஷ், கணினிப் பிரிவின் பொறுப்பாளன், சிடியை நீட்டினான். பளிச்சென்ற சட்டை, பளிச்சென்ற பதில்கள். “ஒரிஜினல் ஹார்ட் டிஸ்க் வியாழக்கிழமை சாயந்திரமே கிராஷ் ஆயிடுச்சு மேடம். நல்லவேளை, அதுக்கு முன்னாடியே காப்பி எடுத்துட்டேன். நேத்து புது டிஸ்க் போட்டாச்சு.”

நோயல் ஆர்வமாகச் சிடியைப் போட்டான். ஓரத்தில் 13-10-2005, மணி 1.12. வேலைக்குப் போடும் நீலக் கோட்டில் லட்சுமம்மா உள்ளே போனாள், கறுப்புப் பையோடு வெளியே வந்தாள். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தான். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. நொடிகள் ஒழுங்காக ஓடின. தேதி எழுத்துகள் படத்தோடு அப்போதே பதிவானவை. மறுபடி முதலிலிருந்து ஓட்டினான். தன் கையாலேயே அவளை மாட்டிவிடுகிறோமே என்றிருந்தது.

“சுத்தமான ரெக்கார்டிங், மேடம்,” என்றான் கம்மிய குரலில். “படத்துல ஒரு தூசிகூட இல்லை.”

“ஆமாம்,” என்றார் கோமளம். “ரொம்பச் சுத்தம்.”

அவர் எழுந்து, கேமராப் படங்கள் பதிவாகும் ரெக்கார்டர் அறைக்குத் தனியாகப் போனார். அரை மணி நேரம் ஆயிற்று, ஒரு மணி நேரம் ஆயிற்று. நோயல் மூன்று காபி குடித்தான். மணி மூன்றேகாலுக்குக் கோமளம் வெளியே வந்து எல்லோரையும் அந்த அறைக்குக் கூப்பிட்டார். லட்சுமம்மா நீலக் கோட்டோடு வாசலிலேயே நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. கோமளம் ஒரு நாற்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தார்.

“நரேஷ், டெஸ்டிங் ரூம் வாசல் கேமராவை இந்த வாரம் யாராவது தொட்டாங்களா? துடைக்கறது, மாத்தறது, ஏதாவது?”

“சான்ஸே இல்லை மேடம். பத்தடி உயரம். அதே கேமரா, அதே கோணம். யாரும் கிட்டயே போகலை.”

“நல்லது.” கோமளம் திரையைப் போட்டார். “இது அதே கேமரா, இந்த நிமிஷம் காட்டற படம்.”

நோயல் குனிந்து பார்த்தான். அதே வாசல், அதே கதவு. ஆனால் வலது மேல் மூலையில் மங்கலான ஒரு திட்டு. ஓரம் மஞ்சளாக, நடுவில் சிவப்பாக. அவன் கால் ஆடுவது நின்றுவிட்டது.

“கேமராவுக்கும் பொட்டு வெச்சிருக்காங்க!” என்றான்.

“கண்ணாடி ஓரத்துல பட்டிருக்கு,” என்றார் கோமளம். “பூஜை திங்கட்கிழமை. வியாழக்கிழமைப் படத்துல இந்தத் திட்டு இருந்தாகணும். சிடியில இல்லை. அப்போ அது பூஜைக்கு முன்னாடி எடுத்த படம்.”

நரேஷ் சிரிக்கப் பார்த்தான். “நேத்து யாராவது வெச்சிருப்பாங்க மேடம்.”

“இல்லை.” சொன்னது மஞ்சுநாத். அவர் முகம் வெளிறியிருந்தது. “திங்கட்கிழமைதான். இந்தம்மா, அதுவும் உழைக்கிற மெஷின்தானே சார், அதை மட்டும் விடலாமான்னு கேட்டாங்க. ஏணியைப் பிடிச்சது நான்.”

“ஆனா தேதி?” என்றான் நோயல். “அது ஒட்டினது இல்லையே மேடம்?”

“ஒட்டலை. ரெக்கார்டர் என்ன தேதி வெச்சிருக்கோ, அதைத்தானே படத்துல போடும்? பூஜைக்கு முன்னாடியே யாரோ அதோட தேதியை வரப்போற வியாழக்கிழமைன்னு மாத்தி வெச்சிருக்கா. லட்சுமம்மாவை உள்ள அனுப்பி ஒரு பையை எடுத்துண்டு வரச் சொல்லி, அதைக் காப்பி எடுத்துண்டு, தேதியைப் பழையபடி வெச்சாச்சு. நிஜ வியாழக்கிழமையில யாரு உள்ள போனான்னு டிஸ்க்ல இருந்திருக்கும். அதனாலதான் டிஸ்க் கிராஷ். ரெக்கார்டர் பாஸ்வேர்ட் யார்கிட்ட இருக்கு, மஞ்சுநாத்?”

“நரேஷ்கிட்ட மட்டும்தான்.”

“பூஜை அன்னிக்கு அவர் இருந்தாரா?”

“இல்லை. சனிக்கிழமையே மைசூர் போயிட்டார், தசராவுக்கு. வியாழக்கிழமை காலையிலதான் வந்தார். கேமராவுக்குப் பொட்டு வெச்சது அவருக்குத் தெரியாது.”

“மேடம்!” லட்சுமம்மா எழுந்து நின்றாள். “இப்பதான் ஞாபகம் வருது. பூஜைக்கு முன்னாடி, நரேஷ் சார்தான் சாப்பாட்டு நேரத்துல என் பேகை எடுத்தாம்மான்னாரு. தினம் பத்து பேருக்குப் பத்து பை தூக்கறேன். எதைன்னு நெனப்பு வெச்சிருப்பேன்?”

 மஞ்சுநாத் நரேஷிடம் கையை நீட்டிக் கார் சாவியைக் கேட்டார். அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் கறுப்புப் பையும் நாலு போனும் இருந்தன. மணி மூன்று ஐம்பது. நோயலுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கோமளம் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டான்.

தன் அறைக்குத் திரும்பியதும் மஞ்சுநாத் லட்சுமம்மாவின் முன்னால் வந்து நின்றார். தலை நிமிரவில்லை. “ஏணியைப் பிடிச்ச எனக்கே தோணலை. தப்பு என்னோடதும்மா. ஆனா நீயாவது நேத்தே சொல்லியிருக்கலாமே, கேமராவுக்குப் பொட்டு வெச்சேன்னு?”

லட்சுமம்மா நீலக் கோட்டின் பொத்தான்களை அவிழ்க்கத் தொடங்கினாள்.

“என்னை எங்க சார் கேட்டீங்க? கேமராவைத்தானே கேட்டீங்க.”

பிறகு கோட்டைக் கழற்றி மடித்து அவர் மேஜைமேல் வைத்துவிட்டு, ஆட்டோ கிடைக்குமா என்று நோயலைக் கேட்டாள்.