பெட்ரோல் வண்டியில் பத்து லிட்டர் டீசல்

காலை மணி 8.35.

மேம்பாலத்து ஏற்றத்தில் அந்தச் சின்ன வெள்ளைக் கார் மூன்று முறை குலுங்கியது. பின்னால் புகை கக்கியது. நின்றுவிட்டது. சாவியைத் திருகத் திருக இருமியதே தவிர, கிளம்பவில்லை.

பின் சீட்டில் ஐஸ் பெட்டி. அதற்குள் ரத்தம் நிரப்பிய முப்பத்து நான்கு சோதனைக் குழாய்கள். பத்து மணிக்குள் பெரிய பரிசோதனைக் கூடத்துக்குப் போக வேண்டியவை, வாடகை வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று. அத்தனையும் வீண். அதில் ஒன்று பிறந்து மூன்று நாளான குழந்தையுடையது. அதன் குதிகாலில் இனி மறுபடியும் ஊசி குத்த வேண்டும்.

பகல் 12.00. பட்டறை.

மெக்கானிக் ஒரு கண்ணாடிப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். டாங்கிலிருந்து இறக்கியது. “பாதிக்குப் பாதி டீசல் மேடம். பெட்ரோல் வண்டில டீசல். விளங்குமா?”

புட்டியை வாங்கி முகர்ந்தவர் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர். விபத்தான, பழுதான வண்டிகளைப் பார்த்து யார் மேல் தப்பு என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்குப் பட்டப் பெயர் ‘சந்தேகம்’. சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்துவிட்டு, அது சரிதானா என்று கைக்கடிகாரத்தையும் பார்ப்பவர். அந்த அம்மாளோடு குடும்பம் நடத்துகிற மனிதருக்குத்தான் பொறுமைக்கான பதக்கம் தர வேண்டும்.

சர்வேயர் காருக்குள் தலையை விட்டார். ஸ்டீயரிங்கை முகர்ந்தார். கியரை முகர்ந்தார். மெக்கானிக் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்.

ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள் வண்டியை ஓட்டியவள். முப்பத்தைந்து வயது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எல்லாருக்கும் அவள் ‘அக்கா’. மடியில் திறக்காத சாப்பாட்டுப் பை.

“பெட்ரோல் எப்போ போட்டீங்க?”

“காலைல ஏழு இருபது. பத்து லிட்டர். தினமும் அதேதான் மேடம்.”

“ஏழு இருபதுக்கு அப்புறம்?”

“ஏழு முப்பத்தஞ்சுக்கு நிலையத்துக்கு வந்துட்டேன். குழாய்ல எல்லாம் பேர் ஒட்டணும். எட்டேகாலுக்கு மறுபடி எடுத்தேன்.”

“நாற்பது நிமிஷம் வண்டி முற்றத்துல. பூட்டினீங்களா?”

“இல்ல மேடம். எப்பவும் பூட்ட மாட்டேன்.”

“டீசல் போடச் சொன்னீங்களா?”

“மூணு வருஷமா ஓட்டுறேன். எனக்குத் தெரியாதா?” குரல் உடைந்தது.

சர்வேயர் அவள் கையைப் பிடித்து, குலுக்குவதுபோல் குலுக்கி, மூக்கருகே கொண்டுபோனார். “சாப்பிடலையா?”

“பசிக்கல. பையைத் தொட்டாலே அந்த டீசல் நாத்தம்தான் வருது.”

பாவம், மனம் அப்படித்தான். கண்ட இடமெல்லாம் அதுவே தெரியும்.

விஷயத்தின் கனம் தெரிய வேண்டுமானால் ஒரு மாதம் பின்னால் போக வேண்டும். நிலையத்தின் டாக்டரம்மா எட்டுச் சின்ன கார்கள் வாங்கப் போகிறார். பெட்ரோலா, டீசலா? அந்தக் கேள்வி நிலையத்தையே இரண்டாகப் பிளந்துவிட்டது. சோதனைக்கு ஒரே மாதிரி இரண்டு வெள்ளைக் கார்கள் வந்தன. பெட்ரோல் வண்டி அக்காவுக்கு. டீசல் வண்டி அவளுக்கு மூத்தவரான, எல்லாரும் ‘அண்ணன்’ என்று கூப்பிடும் ஓட்டுநருக்கு.

“லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கூட ஓடும். ஏத்தத்துல இழுவை பாரு!” என்பார் அண்ணன்.

“தெருவுக்குத் தெரு நின்னு நின்னு போற வண்டிக்கு இழுவை எதுக்கு? எஞ்சின் சூடாகிறதுக்குள்ள அடுத்த வீடு வந்துடுது. டீசல் வண்டி இப்படியே ஓடினா புகைக்குழாய் அடைச்சுக்கும். அதோட விடியக்காலை அஞ்சரைக்கு உங்க வண்டி போடுற சத்தத்துல நோயாளிக்கு ரத்தக் கொதிப்பே ஏறிடும்” என்பாள் அக்கா.

எந்த வண்டி ஜெயிக்கிறதோ, அதை ஓட்டியவர் எட்டு வண்டிகளுக்கும் தலைமை ஓட்டுநர். நிரந்தர வேலை. அக்கா மூன்று வருடமாகத் தற்காலிகம். இன்று மாலை நான்கு மணிக்கு முடிவு. சர்வேயர் ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும், தலைமைப் பதவி மட்டுமல்ல, இருக்கிற வேலையும் அவளுக்குப் போய்விடும்.

பகல் 12.40. நிலையத்தின் முற்றம்.

பக்கத்துப் பக்கத்தில் வண்டி நிறுத்தும் இரண்டு இடங்கள். ஒன்றில் டீசல் கார். இன்னொன்று காலி. பின்னால் ஜெனரேட்டர் அறை, அதன் சாவி கதவிலேயே ஆணியில் தொங்கியது. பூட்டு எதற்கு என்று கேட்கத் தோன்றியது சர்வேயருக்கு.

வாசலில் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு ஒருவன் ஓடி வந்தான். அக்காவின் கணவன். தெரு முனையில் ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்திருந்தான்.

“மேடம், இவ தப்பு பண்ணியிருக்க மாட்டா. பம்ப்லதான் குழாயை மாத்தி வெச்சிருப்பான். இவளும் கவனிக்காம இருந்திருப்பா. அவ்வளவுதான். அதுக்காக வேலையை விட்டுத் தூக்கிடாதீங்க.”

“காலைல நீங்க இங்க வந்தீங்களா?”

“தினமும் வருவேன். ஏழே முக்காலுக்குச் சாப்பாட்டுப் பையை முன் சீட்ல வெச்சுட்டு அப்படியே கடைக்குப் போயிடுவேன். வண்டிக்குப் பின்பக்கம்கூடப் போனதில்ல.”

சர்வேயர் அவன் சட்டையைப் பார்த்தார். “பெட்ரோல்ல குளிச்ச மாதிரி இருக்கீங்க. துணி பாழாகாதா?”

அவன் சிரித்தான். “எங்க பிழைப்பே அதானே. எதைக் கழுவுறதும் பெட்ரோல்தான். கொட்டினாலும் துடைக்க மாட்டோம். நீங்க துணி தேடுறதுக்குள்ள காஞ்சிடும்.”

சர்வேயர் தலையாட்டிவிட்டு ஜெனரேட்டர் அறைப் பக்கம் திரும்பினார். அங்கே அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் தன்னைக் குற்றம் சொல்வதற்கு முன்பே குற்றவாளி முகம்.

“உள்ள டீசல் இருக்கா?”

“இருபது லிட்டர் கேன். நேத்து சாயங்காலம் நான்தான் நிரப்பினேன்.”

“எடுங்க.”

தூக்கினார். தூக்கிய வேகத்தில் கை மேலே போனது. கேன் பாதிதான் இருந்தது.

“ஜெனரேட்டர் ஓடிச்சா?”

“கரண்டே போகலையே.” சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. “மேடம், சத்தியமா நான் இல்ல. அவளோட சண்டை போடுவேன். வாய்ச் சண்டைதான்.”

கேனை இறக்கும்போது நாலு சொட்டு சிந்தியது. பேச்சுக்கு நடுவிலேயே அண்ணன் மூலையிலிருந்த தகர டப்பாவில் கைவிட்டு மரத்தூளை அள்ளிப் போட்டார், செருப்பால் தேய்த்தார், குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். அவருக்கு அது மூச்சு விடுவது மாதிரி.

சர்வேயர் பெட்ரோல் கார் நின்ற காலி இடத்துக்கு வந்தார். டாங்க் மூடி வரும் பக்கத்தில், சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. விரல் வைத்தார். ஈரம். பிசுபிசுப்பு. வெயில் நேராக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 12.55.

பிற்பகல் 2.15. பெட்ரோல் பம்ப்.

“எத்தனை வெள்ளைக் கார் வருது! எதுக்கு என்ன போட்டேன்னு நான் கனவா கண்டேன்?” என்றார் பம்ப் ஊழியர்.

“என் வண்டியும் அதே மாடல், பெட்ரோல்தான். டீசல் குழாயை எடுத்து இதுல வைங்க.”

“மேடம்! எஞ்சின் போயிடும்!”

“ஊத்த வேண்டாம். வெச்சுப் பாருங்க, போதும்.”

குழாயின் மூக்கு டாங்க் வாயில் முட்டி நின்றது. அழுத்தினார். திருப்பினார். போகவில்லை.

“டீசல் மூக்கு தடிமன். பெட்ரோல் டாங்குக்கு வாய் சின்னது. நுழையாது மேடம்.”

“பெட்ரோல் மூக்கு டீசல் வண்டில நுழையுமா?”

“தாராளமா. மாசத்துக்கு ஒருத்தராவது அந்தக் கூத்து அடிக்கிறாங்க.”

சர்வேயர் முதன்முறையாகப் புன்னகைத்தார். உடனே அந்தப் புன்னகை மறைந்தது. அடுத்து வருவது அவருக்கே பிடிக்கவில்லை.

மாலை 4.00. டாக்டரம்மாவின் அறை.

அக்கா, அவள் பக்கத்தில் கணவன், சுவரோரம் அண்ணன். மேசை மேல் அந்தச் சாப்பாட்டுப் பை. சர்வேயர் கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

“சொல்லுங்க, கவனக்குறைவுதானே?” என்றார் டாக்டரம்மா.

“இல்ல டாக்டர். டீசல் வண்டில பெட்ரோல் போயிருந்தா, தவறுதல்னு நம்புவேன். இங்க நடந்தது நேர்மாறு. பம்ப்ல டீசல் குழாய் இந்த வண்டிக்குள்ள நுழையவே நுழையாது. கேன்ல கொண்டு வந்து, சன்னமான புனல் வெச்சு ஊத்தினாத்தான் உண்டு. கேன் இங்கயே இருந்தது. பத்து லிட்டர் குறையுது.”

எல்லாக் கண்ணும் அண்ணன் பக்கம் திரும்பின. அவர் வியர்த்துப் போனார்.

“அவரை விடுங்க. நானும் முதல்ல அவரைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனா அவர் நாலு சொட்டு சிந்தினதுக்கே மரத்தூள் போட்டுத் தேய்ச்சு, சோப்பு போட்டுக் கை கழுவினார். டீசலோட பழகினவங்களுக்குத் தெரியும், அது தானா காயாது. பெட்ரோல் வண்டி நின்ன இடத்துல ஒரு கறை. அஞ்சு மணி நேரம் கழிச்சும் ஈரம். மரத்தூள் இல்ல, துடைச்ச தடம்கூட இல்ல. சிந்தினவர் அதைத் திரும்பிப் பார்க்கல. ஏன்னா, அவர் கைப்பழக்கத்துல சிந்தினதெல்லாம் காஞ்சிடும்.”

சர்வேயர் பையின் பிடியைத் தொட்டார்.

“அதே பழக்கம் கையிலயும். துடைக்காம, கழுவாம, இந்தப் பையைத் தூக்கி முன் சீட்ல வெச்சிருக்கார். ஸ்டீயரிங்ல வாசனை இல்ல. கியர்ல இல்ல. இவங்க கையிலயும் இல்ல. பையோட பிடியில மட்டும் இருக்கு. பையைத் தொட்டா நாத்தம் வருதுன்னு இவங்க சொன்னப்போ மனப்பிரமைன்னு நினைச்சேன். முகர்ந்து பாருங்க டாக்டர், பிரமை இல்ல.” அக்காவின் கணவனை நேராகப் பார்த்தார். “துணி தேடுறதுக்குள்ள காஞ்சிடும்னு சொன்னீங்களே. இது காயல.”

அவன் முகம் வெளிறிவிட்டது.

“வேலை போகணும்னு நினைக்கல மேடம். எட்டு வண்டிக்கு இவ தலைவி. நான் அதே தெரு முனையில ஸ்கூட்டர் கழுவிட்டிருக்கேன். கடைக்கு வர்றவனெல்லாம் கேலி பண்றான். ஒரு நாள் வண்டி நின்னா அந்தப் பதவி போகும், பழைய வேலை இருக்கும்னு நினைச்சேன். குழந்தையோட ரத்தம் இருக்கும்னு தெரியாது.”

அக்கா அவன் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து தனக்காக வாதாடிய ஒரே மனிதன் என்று அவனைத்தான் நம்பியிருந்தாள்.

“புனல் உங்க கடையிலிருந்து எடுத்துட்டு வந்தீங்களா?”

“ஆமா.”

“அப்போ நேத்தே யோசிச்சிருக்கீங்க. என் பக்கத்துலயே படுத்துக்கிட்டு யோசிச்சிருக்கீங்க.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “வீட்டுக்கு வா. பேசிக்கலாம்.”

“முதல்ல அந்தக் குழந்தையோட அம்மாவைப் பார்த்து, நடந்ததை உங்க வாயால சொல்லுங்க. அப்புறம் உங்க தம்பி வீட்டுக்குப் போங்க. எப்போ பேசணும்னு நான் சொல்றேன்.”

அவன் எழுந்து போனான். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

டாக்டரம்மா தொண்டையைச் செருமினார். இன்னும் முடிவு சொல்லாத கேள்வி ஒன்று மேசையில் இருந்தது. “நீயே சொல்லும்மா. இனிமே எட்டு வண்டிக்கும் நீதானே பொறுப்பு. பெட்ரோலா, டீசலா?”

அண்ணன்கூட மறுத்துப் பேசவில்லை.

“பெட்ரோலே வாங்குங்கம்மா. அதுல தவறுதலா யாரும் டீசல் ஊத்த முடியாது. வேணும்னு ஊத்துற ஆளை வெளியே அனுப்பிட்டேன்.”

சர்வேயர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். அக்கா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அண்ணன் தன் சோப்பை நீட்டினார். மூன்று முறை தேய்த்து அலசிவிட்டுப் பிடியை முகர்ந்து பார்த்தாள். வாசனை போகவில்லை.