குடிக்காத குற்றம்

பஸ் ஸ்டாப் பெஞ்சில் பிணம்!

போனில் வந்த தகவல் அவ்வளவுதான்.

ஏட்டு ஜீப்பிலிருந்து குதித்தபோது காலை பதினொரு மணி. பஸ்ஸுக்கு வந்தவர்கள் பெஞ்சை விட்டுப் பத்தடி தள்ளி நின்றார்கள்.

பிணத்துக்கு அறுபத்தெட்டு வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

ஏட்டு குனிந்து மூக்கருகே விரலை வைத்தார்.

பிணம் தும்மியது!

"அடக் கடவுளே... மறுபடியும் நீங்களா?" ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு மாசத்துல மூணாவது தடவை, பெரியவரே!"

சட்டையிலிருந்து மது வாடை குப்பென்று வந்தது. பெரியவர் ஏதோ சொல்லப் பார்த்தார். நாக்கு ஒத்துழைக்கவில்லை.

ஆஸ்பத்திரி. ரத்தப் பரிசோதனை. ஸ்டேஷன். 'நாளைக்குக் கோர்ட்டுக்கு வந்துடுங்க' என்று ஒரு கையெழுத்து.

பெரியவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஆறு வருஷம். பிள்ளைகள் கிடையாது. நான்கு அறை வீட்டில் ஒரே ஒரு பல்பு எரியும்.

மறுநாள் காலை. கோர்ட்.

குடித்துவிட்டுப் பொது இடத்தில் விழுந்தவர்கள் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஒரு நிமிஷம்.

"ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன்."

"அபராதம். அடுத்து!"

பெரியவர் ஒன்பதாவது ஆள். அவருக்காகச் சட்ட உதவி மையத்திலிருந்து ஒரு பெண் வக்கீல் வந்திருந்தாள். கட்டணம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான்.

"என்ன குடிச்சீங்க, ஐயா?"

"அதாம்மா... பாட்டில்ல வருமே... அது."

"பேரு?"

"பேரெல்லாம் கேட்டுக்கல."

வக்கீலின் புருவம் உயர்ந்தது. எந்தக் குடிகாரனும் மறக்காத ஒரே பெயர் அதுதானே!

பின்னாலிருந்து ஓர் ஆள் வந்தான். மழித்த முகம். கையில் ஃப்ளாஸ்க்.

"நான் இவரோட தம்பி மகன், மேடம். தினமும் காலைல இவருக்குப் பால் கொண்டாந்து குடுக்கறதே நான்தான். பெரியப்பா சீக்கிரம் ஒத்துக்கட்டும். தீர்ப்போட நகல் ஒண்ணு வேணும்."

"நகலா? எதுக்கு?"

"சும்மா... வீட்ல வச்சிருக்க."

குடித்து விழுந்த தீர்ப்பை எந்த வீட்டில் ஃபிரேம் போட்டு மாட்டுகிறார்கள்?

வக்கீல் ஓடினாள். கோர்ட் குமாஸ்தாவிடம் பெரியவரின் பழைய கேஸ் கட்டுகளைக் கேட்டு வாங்கினாள்.

முதல் இரண்டு தீர்ப்புகளின் நகல்களும் ஏற்கெனவே போயிருந்தன. வாங்கியது தம்பி மகன்!

இரண்டாவது கேஸ் கட்டில் ஒரு கவர். ஆஸ்பத்திரி முத்திரை. யாரும் பிரிக்கவில்லை. ஒத்துக்கொண்டவனின் ரத்தத்தை யார் படிப்பார்கள்?

அவள் கிழித்தாள். படித்தாள்.

கட்டோடு கோர்ட்டுக்குள் ஓடினாள்!

"அடுத்து!"

பெரியவர் கூண்டில் ஏறினார். மாஜிஸ்ட்ரேட் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மறுபடியுமா? போன தடவை உங்களைக் கோர்ட் கலையற வரைக்கும் இங்கேயே உக்காரணும்னு தண்டிச்சேன். சாயங்காலம் கலைஞ்சப்போ, 'அதுக்குள்ளயா?'ன்னு கேட்டீங்க! ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்க..."

"வேணாம்!" வக்கீலின் குரல் கீச்சிட்டது. "மேடம், இது போன தடவை எடுத்த ரத்தப் பரிசோதனை. மது... ஒரு சொட்டு இல்ல! தூக்க மருந்து இருக்கு. ஒரு குதிரையைப் படுக்க வைக்கற அளவுக்கு!"

மாஜிஸ்ட்ரேட் அறிக்கையை வாங்கிப் படித்தார்.

"அப்ப சட்டையில வாடை?"

"மேல தெளிச்சிருக்காங்க, மேடம். ஏட்டையா, மூணு தடவையும் உங்களுக்குப் போன் பண்ணினது யாரு?"

"பேர் சொல்லலை. ஆனா ஒரே நம்பர்." ஏட்டு நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். "யாரோ நல்ல மனுஷன்னு நெனச்சேன்."

"இப்ப அந்த நம்பருக்குப் போடுங்க."

மாஜிஸ்ட்ரேட் தலையசைத்தார். ஏட்டு பட்டன்களைத் தட்டினார்.

ஒரு விநாடி... இரண்டு விநாடி...

கடைசி பெஞ்சில் போன் அலறியது!

தம்பி மகன் எழுந்தான். கதவை நோக்கிப் பாய்ந்தான். வரிசையில் நின்ற பத்தாவது குடிகாரர் சும்மாதான் காலை நீட்டினார். தம்பி மகன் குப்புற விழ, ஏட்டு அவன் முதுகில் உட்கார்ந்தார்.

ஐந்தே நிமிஷத்தில் கக்கினான்.

"மூணு தீர்ப்பு கையில இருந்தா, பெரியப்பா தன்னைத்தானே பாத்துக்க முடியாத குடிகாரர்னு சிவில் கோர்ட்ல மனு போடலாம்... வீட்டை என் பொறுப்புல விடுவாங்க... பால்ல மருந்தைக் கலந்து, வாக்கிங்னு சொல்லி பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிட்டுப் போவேன்..."

வக்கீல் வெற்றியோடு கூண்டைப் பார்த்தாள்.

பெரியவர் முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"ஐயா... உங்களுக்கு..." அவள் கூண்டருகே போனாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மொத நாளே தெரியும்மா. பால் கசந்துச்சு."

"தெரிஞ்சுமா குடிச்சீங்க?"

"டம்ளர் காலியாகற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருப்பான். நான் மெதுவா குடிப்பேன். இருபது நிமிஷம் இழுப்பேன். மழை, முட்டிவலி, பழைய கதை... எதையாவது பேசுவான். மத்த நாள்ல பாலைக் குடுத்ததும் வேலை இருக்குன்னு எழுந்து ஓடிடுவான்." பெரியவர் கூண்டின் கம்பியைத் தடவினார். "ஆறு வருஷத்துல என்னைப் 'பெரியப்பா'ன்னு கூப்பிட வீடு தேடி வந்தவன் அவன் ஒருத்தன்தான். வேணாம்னா நாளைலேர்ந்து வர மாட்டானே?"

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றாகத் துடைத்த பிறகும் துடைத்தார்.

"உங்க மேல குற்றம் இல்ல. முன்னாடி ரெண்டு தீர்ப்பையும் ரத்து செய்ய மேல் கோர்ட்டுக்கு நானே எழுதறேன். நீங்க வீட்டுக்குப் போகலாம், ஐயா."

ஏட்டு விலங்கோடு தம்பி மகனை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்.

பெரியவர் இறங்கவில்லை.

"ஒரு சந்தேகம், அம்மா. ஜெயில்ல இவனைப் போய்ப் பாக்க விடுவாங்களா?"

வக்கீல் அதிர்ந்தாள். "உங்களுக்கு விஷம் வச்சவனையா? எதுக்கு?"

லிஃப்ட் மெக்கானிக் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

"இனிமே அவனால வேலை இருக்குன்னு எழுந்து ஓட முடியாதில்ல!"