ராஜாவுக்கு இரண்டு வாசல்

மழை... பதுளை மழை சொல்லிக்கொண்டா வருகிறது? சோறு கட்டும் லன்ச் ஷீட்டில் சுற்றிய பென் டிரைவை நெஞ்சோடு அணைத்தபடி, பஜாரில் கண்ணில் பட்ட முதல் கடைக்குள் ஓடினாள் விதுஷா. வீட்டு பிளான் வரைந்து பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் கடை. கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தான் துஷாந்த். ஐயோ... சிரிக்கக் காரணம் தேடிக்கொண்டே இருக்கும் கண்கள்!

"அண்ணே, ஒரு பிரிண்ட்..."

"அண்ணனா?" அவன் முகம் வாடியது. "சரி, குடுங்க மிஸ்."

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து இளைஞர் மன்றத்தின் நாடகம் மாகாணப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தது. மேடை அமைப்பு விதுஷாவுடையது. லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டரில் மேடை வரைய வருமா என்று சிரித்தவர்கள் எல்லாரும் பார்க்க வருகிறார்கள். ஜெயித்தே ஆகவேண்டும்!

திரையில் விரிந்த தாளில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் முழு மேடை, மற்றதில் அரண்மனை வாசல்.

"வாசல் அழகா இருக்கே... கிட்டத்துல பாக்கலாமா?"

"தள்ளுங்க, காட்டுறேன்." வாசல் கட்டத்துக்குள் மவுஸ் சக்கரத்தை உருட்டிப் பெரிதாக்கினாள், மறுபடி சிறிதாக்கினாள்.

"இந்தக் கட்டத்த, வியூபோர்ட்ட, லொக் பண்ணலையே மிஸ்? உருட்டினா ஸ்கேல் மாறிடும், தாள்ல அளவு தப்பா விழும்."

"எல்லாம் தெரியும் அண்ணே. பிரிண்ட மட்டும் எடுங்க."

அந்த இரண்டாவது அண்ணே அவனைச் சுட்டது. வாயை மூடிக்கொண்டு பிரிண்ட் எடுத்தான்.

வாசலின் உயரத்தை அவள் எழுதியிருக்கவில்லை. தச்சுவேலை பார்க்கும் மத்தேயு பாஸ், தாளில் அடிமட்டம் வைத்து அளந்துதான் செய்தார். ஒத்திகையில் ராஜாவாகக் கம்பீரமாக நுழைந்தார் தம்பையா... கிரீடம் மேல்கட்டையில் இடித்து உருண்டது. மன்றமே விழுந்து விழுந்து சிரித்தது.

விதுஷா நேராகக் கடைக்குப் போனாள்.

"என் வாசல குட்டையாக்கிட்டீங்களே!"

அவன் கம்ப்யூட்டரில் இருந்த வரைபடத்தைத் திறந்தான். வாசல் கட்டத்தின் ஸ்கேல் மட்டும் மாறியிருந்தது. சக்கரத்தை உருட்டிய விரல் யாருடையது? ரோஷம் விடவில்லை... ஆனாலும் சொன்னாள்.

"என் தப்புதான். நாளைக்குப் போட்டி... எல்லாம் போச்சு." கண் கலங்கிவிட்டது.

"நானும் கோவத்துல பேசாம இருந்துட்டேன். ரெண்டு பேருக்கும் பங்கு இருக்கு, அழாதீங்க."

வரைபடத்தில் குட்டை வாசலின் பக்கத்திலேயே, சரியான அளவில் இன்னொன்றை வைத்தான். விதுஷா திரையையே பார்த்தாள்.

"நில்லுங்க! பெரிய வாசல் முன்னால, குட்டை வாசல் பின்னால வெச்சா... அது தூரத்துல இருக்கிற மாதிரி தெரியாது?"

துஷாந்தின் கண்கள் விரிந்தன. "அரண்மனை நீண்டுக்கிட்டே போகுமே!"

உயரத்தை எழுதி, இரண்டு கட்டங்களையும் லொக் பண்ணிவிட்டுத்தான் பிரிண்ட் எடுத்தார்கள். முன்வாசலுக்கு ஆணி அடிக்க அவனும் தோட்டத்துக்கே வந்துவிட்டான்.

மறுநாள் மேடைத் திரை விலகியதும் மண்டபம் ஆவென்றது. வாசலுக்குள் வாசல்... எங்கோ தூரத்தில் தொடங்குவதுபோல் ஓர் அரண்மனை! கிரீடம் அசையாமல் முன்வாசலில் நுழைந்தார் தம்பையா. மேடை அமைப்புக்கு முதல் பரிசு ஸ்பிரிங்வெளிக்கு! அன்று சிரித்தவர்கள்தான் முதலில் எழுந்து கை தட்டினார்கள்.

வெளியே மழை. கேடயத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு துஷாந்திடம் ஓடிவந்தாள் விதுஷா.

"நீங்க சொன்னப்பவே கேட்டிருந்தா, இவ்ளோ கஷ்டம் வந்திருக்காது."

"கேட்டிருந்தா ஒரு வாசல்தான் இருந்திருக்கும். நீங்களும் திரும்பி வந்திருக்க மாட்டீங்க."

"வந்திருப்பேன்." அவள் தலை குனிந்தது. "பிரிண்ட் எடுக்க ஒண்ணுமே இல்லாட்டியும் வந்திருப்பேன்... உங்கள அவ்ளோ புடிச்சிருக்கு, துஷாந்த்."

"என்ன... அண்ணேய காணோம்?"

"இனிமே வராது," என்றாள் விதுஷா.