மலைக்கு அந்தப் பக்கம்

ட்ரிங்... ட்ரிங்...

வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்கால்.

ஹார்டாக்கர் மீன் வறுவல் கடையின் சுவரில் டெலிபோன் அலறியது. கடை திறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. கொப்பரையில் மாட்டுக் கொழுப்பு மெல்ல உருகிக்கொண்டிருந்தது.

க்ளிஃப் கையைத் துடைக்காமலே ரிசீவரை எடுத்தான்.

வயது இருபத்து நான்கு. உயரம் ஆறடி மூன்றங்குலம். யார்க்‌ஷயரின் புதிய வேகப்பந்து வீச்சாளன். நாளைக் காலை லீட்ஸில், லங்காஷயருக்கு எதிராக முதல் முறையாகப் பந்து போடப் போகிறவன்.

"ஹலோ..."

மறுமுனையில் காசு விழும் சத்தம். பிறகு, கம்பளிக்குள் இருந்து வருவது போல ஒரு குரல்.

"க்ளிஃப் ஹார்டாக்கரா?"

"ஆமா. யாரு?"

"மான்செஸ்டர்லேர்ந்து பேசறேன். லங்காஷயர்க்காரன். நாளைக்கு நீ ஆடக் கூடாது."

க்ளிஃப் சிரித்தான்.

"பயமா இருக்கா? உங்க ஆளுங்களை வீட்டுலயே இருக்கச் சொல்லு. மழை பெய்யும்னு சாக்கு சொல்லிக்கட்டும்."

"நீ யார்க்‌ஷயர்லயே பொறக்கல தம்பி."

சிரிப்பு நின்றது.

"என்னது?"

"மலைக்கு அந்தப் பக்கம் பொறந்தவன் நீ. ராச்டேல்ல... உன் பெரியம்மா ஆனி வீட்டு மாடியில. பனி கொட்டின ராத்திரி. தோள்பட்டை வலின்னு சொல்லி மரியாதையா ஒதுங்கிக்க. இல்லேன்னா சாயங்காலப் பேப்பர்ல வந்துரும்."

டொக்.

க்ளிஃபின் காதுமடல்கள் சிவந்தன.

யார்க்‌ஷயர் எல்லைக்குள் பிறக்காதவன் யார்க்‌ஷயருக்கு ஆட முடியாது. எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத சட்டம். ஆனால் அதை மீறி ஆடியவன் என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவனையும் காட்ட முடியாது. மலைக்கு அந்தப் பக்கமோ பரம எதிரியான லங்காஷயர்; ராச்டேல் அதற்குள்தான் இருந்தது.

"அம்மா..."

ஹில்டா உருளைக்கிழங்கு வாளியோடு பின்கட்டிலிருந்து வந்தாள். ஐம்பது வயது. கடையின் சமையல், கணக்கு, சண்டை எல்லாம் அவள் பொறுப்பு.

"ஏன்டா கத்தற? நான் என்ன மலை உச்சியிலயா இருக்கேன்?"

"நான் எங்கம்மா பொறந்தேன்?"

வாளி கீழே இறங்கியது. கொஞ்சம் வேகமாகவே.

"இது என்ன கேள்வி, இந்த நேரத்துல?"

"ஒருத்தன் போன் பண்றான். ஆனி பெரியம்மா வீட்ல பொறந்தேன்றான். பொய்னு சொல்லு."

ஹில்டா வாயைத் திறந்தாள். மூடினாள்.



"இருபத்து நாலு வருஷம்..." என்றான் க்ளிஃப்.  "இருபத்து நாலு வருஷமா என்னை ஏமாத்தியிருக்கீங்க. ரெண்டு பேரும்."

"மூணு வாரம் முன்னாடியே வலி வந்துருச்சுடா. அக்காவைப் பார்க்கப் போன எடத்துல... ரோடு பூரா பனி. நான் என்ன செய்ய, உன்னை மடிச்சு உள்ள வெச்சுக்கவா?"

அவன் பூட்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பும் உத்தேசத்தோடு பின்கட்டுக்குப் போனான்.

அடுத்த நொடி...

கேட்டது ஒரு கெட்ட வார்த்தை. அந்தக் கடையில் அதுவரை மீன் வியாபாரிகள் மட்டுமே சொன்ன வார்த்தை.

திரும்பி வந்தான். கையில் இடது கால் பூட்ஸ். நேற்று வெள்ளையடித்து முற்றத்துச் சுவரில் காயவைத்தது.

முனையிலிருந்து குதிகால் வரை ஒரே கீறல். வயிறு பிளந்த மீன் மாதிரி வாய் திறந்து கிடந்தது.

"யாரு இதைப் பண்ணினது..."

"வணக்கம் ஹில்டாக்கா. கொழுப்பு சூடாயிடுச்சா?"

கதவைத் தள்ளிக்கொண்டு கான்ஸ்டபிள் நார்மன் டார்டாஃப் நுழைந்தார். வெள்ளிக்கிழமை தோறும் கடை திறக்கும் முன்பே வந்து, பொரித்த மாவுத் துணுக்குகளை ஓசியில் தின்பது அவருடைய ரோந்தின் முக்கியமான பகுதி.

பூட்ஸைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"இது... நாளைக்குப் போடற பூட்ஸா?"

"ஆமா. பண்ணினவன் டெரிக் பிக்கர்ஸ்கில். நான் ஆடலைன்னா பன்னிரண்டாவது ஆளு அவன்தானே உள்ள வருவான். நேத்து சாயங்காலம் இங்கதான் தின்னான். முற்றத்து வழியாத்தான் போனான். அவன் பல்லை எண்ணிக் கையில குடுக்கறேன்."

வாசலை நோக்கிப் பாய்ந்தான். கான்ஸ்டபிளின் தொப்பை குறுக்கே நின்றது.

"டெரிக் ஏழு மணி பஸ்லயே லீட்ஸ் போயிட்டான் தம்பி. நான்தான் பையைத் தூக்கிக் குடுத்தேன். நேத்து ராத்திரி பூட்ஸ் எப்படி இருந்துச்சு?"

"முழுசாத்தான்... காலைல எட்டு மணிக்குக் கூடப் பார்த்தேன்."

"அப்போ டெரிக் இல்ல. உக்காரு."

"உக்கார மாட்டேன்."

"நின்னுக்கிட்டே கோபப்படு. எனக்கென்ன."

ஹில்டா பூட்ஸை வாங்கினாள். கீறலை விரித்தாள். முகத்தருகே கொண்டுபோனாள்.

அவள் கண்கள் இடுங்கின.

"போன்ல அவன் என்ன சொன்னான்? அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை விடாம."

"அதான் சொன்னேனே..."

"அப்படியே சொல்லுடா."

பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பித்தான். மான்செஸ்டர்... லங்காஷயர்க்காரன்... மலைக்கு அந்தப் பக்கம் பொறந்தவன் நீ...

"நிறுத்து. எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம்."

"ராச்டேல் அந்தப் பக்கம்... யாருக்கு?"

"நமக்கு."

"மான்செஸ்டர்ல நிக்கறவனுக்கு?"

 கான்ஸ்டபிள்தான் சொன்னார்.

"அவனுக்கு அது இந்தப் பக்கம். நாமதானே அவனுக்கு அந்தப் பக்கம்..." தலையைச் சொறிந்தார். "அப்போ போன் பண்ணினவன் நம்ம ஊர்க்காரன்."

"அது மட்டுமில்ல. மான்செஸ்டர் போன்னா முதல்ல லைன் குடுக்கற எக்ஸ்சேஞ்ச் பொண்ணு பேசும். பேசிச்சா?"

"இல்ல. காசு விழுந்துச்சு. உடனே அவன்தான்."

ஹில்டா ஏப்ரனில் கையைத் துடைத்தாள். மெதுவாக. ஒவ்வொரு விரலாக.

அந்தத் தெருவில் அவள் கோபத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவள் கத்தினால் பரவாயில்லை. நிதானமாகக் கை துடைத்தால்தான் ஆபத்து.

ட்ரிங்... ட்ரிங்...

மூன்று பேரும் டெலிபோனைப் பார்த்தார்கள்.

"எடு," என்றாள். "பேசிக்கிட்டே இரு. கெஞ்சு, அழு, என்ன வேணா பண்ணு. நார்மன், என்கூட தெருமுனை போன் பூத்துக்கு வா."

கதவு மணி சிணுங்கியது. போய்விட்டார்கள்.

"ஹலோ..."

"முடிவு பண்ணிட்டியா?" அதே கம்பளிக் குரல்.

"பூட்ஸை எதுக்குடா கிழிச்ச?"

மறுமுனையில் ஒரு திணறல்.

"அது... நீ கேக்கலேன்னா... ஒரு எச்சரிக்கை."

"நீ மனுஷன்தானா? அஞ்சு வயசுலேர்ந்து இந்த ஒரு மேட்சுக்காக ஓடிட்டிருக்கேன். எங்கப்பா மழையில நின்னு எனக்குப் பந்து பொறுக்கிப் போட்டிருக்காரு. என்னை விடு... அந்த ஆளுக்கு நாளைக்கு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பார்த்தியா?"

 மூச்சு மட்டும் கேட்டது. ஈரமான மூச்சு.

"உன்னைத்தான்டா கேக்கறேன்..."

க்ரீச்...

ரிசீவருக்குள் ஒரு கனமான இரும்புக் கதவு திறக்கும் ஓசை. அதைத் தொடர்ந்து, தெள்ளத் தெளிவாக, அவன் அம்மாவின் குரல்.

"போதும் வால்டர். போனை வெச்சுட்டு வெளிய வா."

க்ளிஃபின் கையிலிருந்து ரிசீவர் நழுவியது. வயரில் தொங்கி ஆடியது.

வால்டர்...

அவன் அப்பா.

*

ஸ்டேஷனுக்கு மீன் பெட்டி எடுக்கப் போவதாகக் கிளம்பிய வால்டர் ஹார்டாக்கர், தன் கடை வாசலிலேயே கைதி மாதிரி வந்து நின்றார். ஒரு பக்கம் கான்ஸ்டபிள். மறுபக்கம் ஹில்டா. ஓடிப்போவதென்றால் கான்ஸ்டபிள் பக்கம்தான் ஓட வேண்டும்.

கழுத்தில் கம்பளி மஃப்ளர். வாயருகே நனைந்திருந்தது.

"பூட்ஸ்ல மீன் நாத்தம்," என்றாள் ஹில்டா. "கீறல்ல ஹாடக் மீன் செதில். ஆனி வீட்டு விஷயம் தெரிஞ்சவங்க நாலு பேர். அக்காவும் மருத்துவச்சியும் போய்ச் சேர்ந்தாச்சு. நான் போன் பண்ணல."

க்ளிஃப் அப்பாவின் எதிரே வந்து நின்றான். நிழல் அவர் மேல் விழுந்தது.

"ஏன்ப்பா?"

"கென்ட்டுக்கு எதிரா ஆடின. கண்ணை மூடிக்கிட்டேன். சர்ரேக்கு எதிரா ஆடின. சரின்னு விட்டேன். ஆனா அவங்களுக்கு எதிரா... அந்த மண்ணுல பொறந்துட்டு, நெஞ்சுல நம்ம டீம் சின்னம், வெள்ளை ரோஜாவைக் குத்திக்கிட்டு... மனசு ஒத்துக்கலடா. டீம் அறிவிச்ச நாள்லேர்ந்து தூங்கல."

"நான் இங்க பொறந்தேன்னு ஆபீஸ்ல போய்ப் பதிவு பண்ணினது யாரு?"

"நான்தான்."

"எதுக்கு?"

"நீ யார்க்‌ஷயருக்கு ஆடணும்னு."

க்ளிஃப் ஓங்கி ஒரு குத்து விட்டான். அப்பாவை அல்ல, உருளைக்கிழங்கு மூட்டையை. மூட்டை தையல் விட்டுச் சரிந்தது.

"ஆடறதுக்கும் நீங்களே பொய் சொல்வீங்க. ஆடக் கூடாதுன்னும் நீங்களே கத்தி எடுப்பீங்க. நான் என்ன, உங்க கடை மீனா? யாரும் ஆட வேண்டாம். கேப்டனுக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிடறேன். நானும் போகல... நீங்களும் இனிமே என் மூஞ்சில முழிக்க வேண்டாம்."

தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரைப் பிடித்தான்.

"வை அதை," என்றாள் ஹில்டா.

குரல் உயரவில்லை. வைத்தான்.

அவள் மேல் தட்டிலிருந்து ஒரு பழைய டீ டப்பாவை இறக்கினாள். அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். கணவனின் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"படி."

"என்ன இது?"

"கல்யாணம், ரேஷன், கடை லைசென்ஸ்... முப்பது வருஷமா எல்லாக் காகிதத்துக்கும் நான்தானே அலைஞ்சேன். நீ ஒரு தடவையாவது உன் பிறப்புச் சான்றிதழைப் பார்த்திருக்கியா? சத்தமா படி. நார்மனும் கேக்கட்டும்."

வால்டர் கண்ணாடியை மாட்டினார். உதடுகள் அசைந்தன.

"வால்டர் ஹார்டாக்கர்... பிறந்த இடம்..."

முகம் மாவு தோய்த்த மீன் போல வெளுத்தது.

"ஓல்டம்..."

"ஓல்டம் எந்தப் பக்கம்?"

வால்டர் ஸ்டூலைத் தேடினார். கிடைக்கவில்லை. சரிந்த மூட்டை மேலேயே உட்கார்ந்தார்.

"லங்காஷயர்..."

"ரெண்டு வயசுல உன்னைத் தூக்கிட்டு இங்க வந்தாங்களாம். உனக்குத் தெரிஞ்சா செத்துருவன்னு உங்கம்மா என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. வாயில பூட்டுப் போட்டுட்டு இருந்தேன். கடை வாசல்ல நின்னு நீ தினம் லங்காஷயர்க்காரனைத் திட்டறப்போ எல்லாம்... உன்னையே திட்டிக்கிட்டிருந்த." மகனிடம் திரும்பினாள். "நீ பந்து போடக் கத்துக்கிட்டது எங்கடா?"

"பின்னாடி சந்துல."

"சந்து எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்."

"அவ்வளவுதான். நாலு மணி பஸ்ல கிளம்பு."

எல்லோரும் கான்ஸ்டபிளைப் பார்த்தார்கள். அவர் தட்டிலிருந்த மாவுத் துணுக்குகளை மும்முரமாக மென்றுகொண்டிருந்தார்.

"எதுவும் கேட்டீங்களா நார்மன் அண்ணே?" என்றான் க்ளிஃப்.

"கொழுப்பு கொதிக்கிற சத்தத்துல ஒரு எழவும் கேக்கல தம்பி. உப்பு மட்டும் கொஞ்சம் தள்ளு."

ஹில்டா மூட்டை தைக்கும் ஊசியையும் சணல் நூலையும் வால்டரின் மடியில் போட்டாள். அதன் மேல் கிழிந்த பூட்ஸ்.

"நாலு மணிக்குள்ள. நெருக்கமா தை."

வால்டர் தைத்தார். மூன்று முறை விரலில் குத்திக்கொண்டார். யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை.

மணி மூன்றே முக்கால்.

க்ளிஃப் தைத்த பூட்ஸை முறுக்கிப் பார்த்தான். பையில் போட்டான். அப்பாவைத் திரும்பிப் பார்க்காமலே வாசலைத் தாண்டினான்.

நின்றான்.

கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஆனால் உதட்டோரம் ஏதோ துடித்தது.

"நாளைக்கு உங்க ஊர்க்காரங்களைப் பார்ப்பேன்ப்பா... விக்கெட்டைப் பிடுங்கறதுக்கு முன்னாடி, நீங்க விசாரிச்சதா சொல்லட்டுமா?"