உள்ளே மூவர்

ஜெசிந்தாவின் இரத்தத்தில் எட்டு மாதங்களாகக் காவல்மணிகள் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாத எந்திரத் துகள்கள் அவை. நஞ்சுக்கொடியின் நுண்குழாய்களில் இரத்தம் உறையத் தொடங்கினால் அங்கேயே கரைத்துவிடும். தூத்துக்குடியில் அவற்றை ஏற்றிக்கொண்டவர்களில் முதலில் பிரசவத்துக்கு வந்தவள் அவள்தான்.

எளிதில் உறையும் இரத்தம் அவளுடையது. ஊட்டம் போகும் வழி அடைபட்டு, ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம், மறுபடியும் ஐந்தாம் மாதம் என மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தாள்.

நான்காவது, காலை பத்து மணிக்குப் பிறந்தது. பெண். ஈரம் காயாமலே அவள் மார்பில் கிடத்தினார்கள்.

நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. நர்ஸ் குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கருவியில் வைத்து, இந்தப் பிள்ளை பிறந்துவிட்டதென்று மணிகளுக்கு அறிவித்தாள். இனி அவை உறங்க வேண்டும். இரத்தம் உறைந்து காயம் அடைபட வேண்டும். ஆனால் இரத்தம் நிற்கவில்லை. மூன்றாவது துணியும் நனைந்தது.

டாக்டர் நாச்சியார், மணிகள் சொல்வதைக் காட்டும் காவல்திரையைப் பார்த்தார். 'உள்ளே: மூவர்' என்றிருந்தது.

"என்ன டாக்டர்?"

"மணிங்க தூங்க மாட்டேங்குதும்மா. உனக்குள்ள இன்னும் மூணு பிள்ளைங்க இருக்குன்னு சொல்லுது."

"எம் பிள்ளைங்களா?"

"பிள்ளை போனாலும், அதோட செல்லு கொஞ்சம் தாய் உடம்புல வருஷக்கணக்கா உயிரோட கெடக்கும். அதைப் பாத்துத்தான் பிள்ளைன்னு எண்ணியிருக்கு."

பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்காகச் செய்த மணிகளை, பழைய செல் எதுவுமில்லாத, தலைப்பிள்ளை சுமந்தவர்களிடம்தான் சோதித்திருந்தார்கள். இத்தனை மாதமும் யாரும் அவற்றிடம் எண்ணிக்கை கேட்கவில்லை.

"நிறுத்த முடியாதா?"

"எங்களால முடியாது. உள்ள பிள்ளை இருக்கும்போது காவலை எடுக்கணும்னா, தாய் வாயாலதான் சொல்லணும். சட்டம் அப்படி. யாருமில்லன்னு சொல்லு, போதும்."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். கை கால் சில்லிட்டு வந்தது. மூன்று பேரையும் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை, பெயர் வைத்ததில்லை. இருக்கிறார்கள் என்று இன்றுதான் தெரிந்தது.

"சீக்கிரம்மா!"

மார்பில் கிடந்தவள் அழுகையை நிறுத்திவிட்டுத் தாயின் குரலுக்குக் காத்திருப்பவள் போலிருந்தாள்.

"எனக்குள்ள யாருமில்ல" என்றாள் ஜெசிந்தா.

நான்கு நிமிடத்தில் இரத்தம் நின்றது. மகள் காதுபட அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.