போன வருஷத்துப் பச்சை

மேகம் இருந்தது; அதன் நிழல் இல்லை.

செயற்கைக்கோள் படத்தில் மேகம் ஒன்று தெரிந்தால் பக்கத்திலேயே தரையில் அதன் நிழலும் கரிக்கறையாக விழுந்திருக்கும். வெள்ளாயணி வயல்களின்மேல் மூன்றாவது படமாக இம்மியும் நகராமல் உட்கார்ந்திருந்த அந்த வெள்ளைத் திட்டுக்கு மட்டும் அது இல்லாததை, ஏசியின் சொட்டுச் சத்தமும் ஈரக் கோப்புகளின் பூஞ்சை வாடையும் தவிர வேறு துணையில்லாத அலுவலக அறையில், வெங்கிடேஷ் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பயிர்களை வானிலிருந்து கண்காணிக்கும் வான்பசுமைத் திட்டத்துக்கு இலச்சினை உண்டு, கீதம் உண்டு, மூன்று ஆலோசனைக் குழுக்கள் உண்டு. மழைக்கால மேகத்தை என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் யோசித்திருக்கவில்லை. இயக்குநர் அழகியநம்பிதான் வழி கண்டார்: மேகம் மறைத்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, போன வருஷம் அதே நாளில் எடுத்த படத்தை ஒட்டிவிடுவது.

வெங்கிடேஷ் ஒட்டினான்.

மறுநாள் வெள்ளாயணியிலிருந்து பிச்சைக்கனி போனில் வந்தார். வயல் முங்கிவிட்டது, நிவாரணம் வேண்டும் என்று முந்தின வாரம் கெஞ்சிய விவசாயி.

"சாரே, பசுவ மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து பாத்தா, வெள்ளத்தக் காணல. வடியவும் இல்ல, காணாமப் போச்சு. வயல் பூரா போன வருஷ நெல்லு நிக்குது. நான் பாத்து அறுத்த அதே நெல்லு." குரல் தாழ்ந்தது. "இந்த வருஷம் போட்ட கன்னுக்குட்டியையும் காணல. தாய்ப்பசு வானத்தைப் பாத்தே கத்திக்கிட்டு நிக்குது சாரே."

வெங்கிடேஷ் இதை இயக்குநரிடம் சொன்னான்.

"அடிபொளி, பிரமாதம்," என்றார் அழகியநம்பி. "நிலமே நம்ம படத்தைப் பாத்துத் திருந்திடுத்து, கேட்டீரா."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அமைச்சர் வருவதாக இருந்தது. காலையில் வந்த படத்தில் வெள்ளாயணி தெளிவாக இருந்தது. திட்டு நகர்ந்திருந்தது. இப்போது நகருக்குள், வலியசாலையின்மேல். நிழல் இல்லை. நேர் கீழே வெங்கிடேஷின் வீடு. வீட்டில் மனைவி மீராவும், ஐந்து மாதக் குழந்தை யமுனாவும். கிளம்பும்போது குழந்தை அவன் தோளில் கக்கிய பால் சட்டையில் இன்னும் புளித்து மணத்தது.

"இத மட்டும் ஒட்ட வேண்டாம் சார். டவுன்தானே, அங்க வயலே இல்லை."

"மந்திரி பாக்கற படத்தில ஓட்டையா?" அழகியநம்பி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன ஓய், கன்னுக்குட்டிக் கதையா? எம்.எஸ்ஸி. படிச்சவர்தானே நீர்? உம்ம கான்ட்ராக்ட் ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு."

எம்.எஸ்ஸி. வெட்கப்பட்டது. விரல் அமுக்கியது. வலியசாலை துடைத்துவைத்ததுபோல் ஆயிற்று.

அமைச்சர் கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். வெங்கிடேஷ் வீட்டுக்கு போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஆட்டோ தெருமுனையில் இறக்கிவிட்டது. வெயில். தலைக்கு மேல் மேகம். தெருவில் நிழல் இல்லை. கொடியில் குழந்தைத் துணி இல்லை. கூடத்தில் தூளி இல்லை. உத்தரத்தில் கொக்கி மட்டும். துருவேறிய கொக்கி.

மீரா உள்ளிருந்து வந்தாள். வெட்கமாகச் சிரித்தாள். போன வருஷம் இதே நாளில் சிரித்த சிரிப்பு. அதே நீலப் புடவை.

"சீக்கிரமே வந்துட்டேளே. டாக்டர் உறுதியாச் சொல்லிட்டா. ரெண்டு மாசமாம்."

"யமுனா எங்கே?"

"யாரு?" அவள் நெருங்கி வந்து மூக்கைச் சுருக்கினாள். "உங்க சட்டையில என்ன, பால் வாடை?"

மேலே, ஓட்டுக்கும் மேலே, நகராத அந்த வெள்ளைக்குள்ளிருந்து, பசித்த குழந்தை ஒன்று அழத் தொடங்கியது.